தங்கச்சி பேட்ஜ்

பெருந்துறையிலிருந்து சென்னிமலைக்குப் போகிற சாலையில் பொங்கியண்ணன் பப்ளிக் ஸ்கூல் இருக்கிறது. அங்கே ராமாமணி மிஸ் நடந்து வந்தால் தாழ்வாரமே வாயை மூடிக்கொள்ளும். காட்டன் சேலை, அதற்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகள் பேய்க்குப் பயப்படுவதை நிறுத்திவிடுவார்கள். காலியான அந்த இடத்தில் ராமாமணி மிஸ்ஸை உட்கார வைத்துக்கொள்வார்கள்.

இப்படிப் பயமுறுத்துவதற்கென்று அவள் வேலைக்கு வந்தவளல்ல. அவிநாசிக்கு வடக்கே ஒரு நாயுடு வீட்டில் பிறந்து, கல்லூரியில் படிக்கும்போது மாவட்ட அணிக்காகப் பூப்பந்து ஆடியவள். பொண்ணுக்குக் குரல் நாலு காடு தாண்டிக் கேட்கும் என்று பெண் பார்க்க வந்த இடத்தில் யாரோ குறை சொன்னார்கள். மாப்பிள்ளை ராமுலு மில்லில் ஃபிட்டர். "மெஷின் சத்தத்துல எனக்குக் காது பாதிதானுங்க கேக்கும், சரியாப் போயிருமுங்க" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பெருந்துறை சிப்காட்டில் வேலை கிடைத்த வருடம் அவளும் இந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாகச் சேர்ந்தாள்.

அப்போது பள்ளி என்றால் இரண்டு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, மற்றதெல்லாம் செம்மண் மைதானம். பிறகு பள்ளி வளர்ந்தது. கபடிக் களத்தின் மேல் நீட் கோச்சிங் கட்டடம் எழுந்தது. ஓடுபாதை ஹாஸ்டலுக்கு அடியில் போயிற்று. மிச்சமிருந்த பூப்பந்துக் களத்தில் தாளாளரின் தகப்பனாருக்குச் சிலை வைத்து, சுற்றிலும் புல் வளர்த்து, 'புல்லை மிதிக்காதீர்' என்று பலகை நட்டார்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். ராமாமணி ஸ்டாஃப் ரூமில் விசிலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தாளாளர் பொங்கியண்ணன் யாரையும் வேலையை விட்டு அனுப்புகிறவரல்ல. சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறவருமல்ல. அவளைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸு, ஆடறதுக்கு எடம் போச்சு. ஆனா உங்க தொண்டை அப்படியேதானுங்க இருக்குது? இன்னைக்கிருந்து நீங்க டிசிப்ளின் இன்சார்ஜ்."

பொங்கியண்ணன் போர்வெல் ரிக் வண்டிகளால் மேலே வந்தவர். அவர் வண்டிகள் சத்தீஸ்கர் வரை போய்ப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தன. அந்தத் தொழிலில் அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. தண்ணீர் வரவில்லையென்றால் இன்னொரு பைப் இறக்கு. பள்ளியையும் அப்படித்தான் நடத்தினார். ஒரு விதி வேலை செய்யவில்லையென்றால் அதன் தலையில் இன்னொரு விதியை இறக்குவார். பெண்பிள்ளைகள் ரிப்பனைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார்கள் என்று, ரிப்பனைக் கழற்றக் கூடாது என்று ஒன்று வந்தது. கழற்றாமலே தளர்த்திக்கொண்டார்கள் என்று, முடிச்சு காதுக்கு எத்தனை விரற்கடை மேலே இருக்க வேண்டும் என்று இன்னொன்று வந்தது. பையன்கள் பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுத்தபோது கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று மிட்டாயே நின்றது. தாழ்வாரத்தில் பல் தெரியச் சிரிக்கக் கூடாது என்பது எதற்காக வந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

பெற்றோருக்கு இதெல்லாம் பாலும் பழமுமாக இருந்தது. அட்மிஷனுக்கு வருகிறவர்கள் பாடம் எப்படி, வாத்தியார்கள் எப்படி என்று கேட்க மாட்டார்கள். "டிசிப்ளின் எப்படீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அலுவலகத்தில் விதிகளை வாசித்துக் காட்டினால் ஒவ்வொன்றுக்கும் கோயிலில் மணி அடித்த மாதிரித் தலையை ஆட்டுவார்கள். வீட்டில் தங்கள் பேச்சைக் கேட்காத பிள்ளையை யாராவது ஒருவர் அதட்டப் போகிறார்கள் என்ற நிம்மதி அவர்கள் முகத்தில் அப்படியே தெரியும்.

ராமாமணிக்கும் இது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஊதினால் ஓடிவந்தார்கள், நிமிர்ந்து பார்த்தால் நின்றார்கள். ஆடுகளத்தில் கிடைக்காத வெற்றி தாழ்வாரத்தில் கிடைத்தது. வீட்டுக்குப் போனால் ராமுலு துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கும் விரலை நீட்டினாள்.

"நான் எந்த கிளாஸுங்க மிஸ்?" என்று கேட்டுவிட்டு அவர் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

விதிகளிலெல்லாம் பெரிய விதி, ஆணும் பெண்ணும் பேசக் கூடாது என்பது. வேறெங்கோ ஒரு பள்ளியில் எதுவோ நடந்ததாக வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வந்தது. அது எந்த ஊர், எந்த வருடம் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மறுநாளே பள்ளியில் மாடிப்படி இரண்டாகப் பிரிந்தது, தண்ணீர்க் குழாய் இரண்டாகப் பிரிந்தது, சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பையன்கள், அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள். கோட்டின் மேல் ஒரு கேமரா. அந்தக் கேமராவைப் பொங்கியண்ணன் எங்கே இருந்தாலும் தம் கைபேசியில் பார்ப்பார். சத்தீஸ்கரில் ரிக் வண்டி கல்லில் முட்டி நிற்கும்போது கூட, மர நிழலில் உட்கார்ந்து எட்டாம் வகுப்பு சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படித்தான் ஒரு மதியம் போன் வந்தது.

"ஏனுங்க மிஸ்ஸு, இப்பத்தான் பாத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பய கைய நீட்டி எதையோ குடுத்தான். அந்தப் புள்ளயும் வாங்கிக்கிச்சு. சிரிக்க வேற செஞ்சுதுங்க!"

ராமாமணி கூடத்துக்கு ஓடினாள். குற்றவாளிகள் யஷ்வந்த், ரித்திகா. இரட்டைப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மா காலை அவசரத்தில் டிபன் பாக்ஸை மாற்றிப் போட்டுவிட்டாள். யஷ்வந்துக்குப் போக வேண்டிய முட்டைப் பொரியல் ரித்திகாவிடமும், ரித்திகாவின் தயிர்சோறு யஷ்வந்திடமும் போய்விட்டன. அதை மாற்றிக்கொண்டார்கள்.

"அவங்க ரெட்டைப் பொறப்புங்க சார். ஒரே வயித்துல ஒண்ணா இருந்ததுக" என்றாள் ராமாமணி.

மறுமுனையில் ரிக் சத்தத்துக்கு மேல் பொங்கியண்ணன் குரலை உயர்த்தினார்.

"அது நமக்குத் தெரியுதுங்க. பாக்கற மத்த புள்ளைகளுக்குத் தெரியுமா? அதுக மனசு என்ன ஆகும்? அண்ணன் தங்கச்சின்னு பார்த்தாத் தெரியற மாதிரி எதையாவது குத்திவிடுங்க. பேசிக்கட்டும்."

இன்னொரு பைப் இறங்கியது. பள்ளி முதல்வர் ஆங்கிலத்தில் ஒரு சுற்றறிக்கை எழுதினார். இரட்டையர் சட்டைகளில் வட்டமாக ஒரு மஞ்சள் பேட்ஜ் ஏறியது. உடன்பிறந்தவர்கள் என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகள் அதற்குத் தங்கச்சி பேட்ஜ் என்று பெயர் வைத்தார்கள்.

பள்ளியில் உடன்பிறந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களோடு முடிந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வாரம் ஒருவர் வந்து, "பெரியப்பன் மகளும் தங்கச்சிதானுங்களே?" என்றார். நியாயம். கொடுத்தார்கள். சித்தி மகனுக்குக் கொடுத்தார்கள். மாமன் மகளுக்குக் கேட்டபோது ராமாமணியே, "அது கட்டிக்கற முறையாச்சுங்களே" என்று மறுத்தாள். கேட்டவர் வெட்கப்பட்டுக்கொண்டு போனார். அதன் பிறகு பெருந்துறையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிற அருள்குமார் வந்தார். தன் பையனைத் தவிர அவர் வேறு ஒன்பது பிள்ளைகளுடைய பெயர்களை மனப்பாடமாகச் சொன்னார்.

"இவங்கல்லாம் என்ன உறவுங்க?"

"ஒரே கூட்டமுங்க மிஸ். ஒரே குலசாமி. கூட்டத்துக்குள்ள பொறந்ததுக எல்லாம் பங்காளிதானுங்க, அண்ணன் தங்கச்சிதான். என்ற பையன் அந்தப் புள்ளைககூடப் பேசுனா என்னங்க தப்பு?"

அந்தக் கூட்டம், அந்தக் குலப்பிரிவு, தாளாளருடையதும்கூட. ராமாமணி போனைப் போட்டாள். பொங்கியண்ணன் முதல்முறையாகத் தடுமாறினார். கூடாது என்று சொன்னால் ஒரே கூட்டத்துப் பிள்ளைகள் அண்ணன் தங்கை இல்லை என்று தாமே சொன்னதாகிவிடும். அப்படிச் சொன்னவர் அடுத்த பொங்கலுக்குக் குலசாமி கோயில் வாசலை மிதிக்க முடியாது.

"குடுத்துப்போடுங்க" என்றார் மெதுவாக. "ஆனா நம்முளுக்கு மஞ்சளே இருக்கட்டும். மத்த கூட்டத்துக்கெல்லாம் வேற வேற கலரு."

ஒரு மாதத்தில் பள்ளி பூக்கடை மாதிரி ஆகிவிட்டது. இந்தக் கூட்டத்துக்குப் பச்சை, அந்தக் கூட்டத்துக்கு நீலம், இன்னொன்றுக்கு ஆரஞ்சு. நாயுடு வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோர், கூட்டம் மாதிரி எங்களுக்கும் வீட்டுப்பெயர் இல்லையா என்று வந்து நின்றார்கள். ஊதா பிறந்தது, ஊதாவில் ஒரு கோடு போட்டது பிறந்தது. விசில் ஊதிக்கொண்டிருந்த ராமாமணி யாருக்கு யார் என்ன உறவு என்று விசாரித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள்.

"தரகர் வேலை பாக்கறியா?" என்றார் ராமுலு, காபியை ஆற்றிக்கொண்டே.

அவர் விளையாட்டாகச் சொன்னது, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே விளங்கியிருந்தது. ஒரே நிறமென்றால் அண்ணன் தங்கை. அப்படியானால் வேறு நிறமென்றால்? அதுவரை எவன் எந்தக் கூட்டம் என்று கவலையே படாமல் பென்சில் கடன் வாங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு, கட்டிக்கொள்ளும் முறை யார் யாரோடு என்று பள்ளியே சட்டையில் குத்திக் காட்டிவிட்டது. பதினோராம் வகுப்பில் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே சீட்டுகள் பறந்தன. பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புக்கு வந்த ஓர் அம்மா, மகளின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ராமாமணியின் காதருகே குனிந்தாள்.

"மிஸ், அந்த மொத பெஞ்சுப் பையன், ஆரஞ்சு பேட்ஜு. எந்தூருங்க அவங்க? தோட்டம் எத்தனை ஏக்கருங்க?"

ஆண்பெண் பேச்சே கூடாது என்று தொடங்கிய பள்ளிக்கூடம் கல்யாணத் தகவல் நிலையமாக மாறிக்கொண்டிருந்தது. ராமாமணிக்குச் சிரிப்பு வந்தது. தாழ்வாரத்தில் நின்றதால் அடக்கிக்கொண்டாள்.

சிரிப்பு நின்றது கோபிகாவால்.

கோபிகா எட்டாம் வகுப்பு. சென்னிமலைக்கு இந்தப் பக்கம் காலனியிலிருந்து இலவச ஒதுக்கீட்டில் வந்து படிக்கிறவள். அப்பா குட்டி யானை வண்டியில் பெட்ஷீட் மூட்டை ஏற்றுகிறார். அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு, அவன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். அறிவியல் கண்காட்சிக்கு அவளும் இரட்டையர்களும் சேர்ந்து சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஒரு மாதிரி செய்துகொண்டிருந்தார்கள். குளுக்கோஸ் பாட்டில் குழாய்களை வைத்துச் செய்வது என்று மூன்று பேரும் அடித்துக்கொண்டு முடிவு செய்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுவென்றால் எல்லாரும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று திடீரென்று ஒரு பைப் இறங்கியது. கோபிகாவைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இடைவேளையில் அவள் டிசிப்ளின் அறை வாசலில் வந்து நின்றாள். ரிப்பன் சரியான உயரத்தில் இருந்தது. ஷூ பளபளத்தது.

"மிஸ், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லு கண்ணு."

"இந்த ஸ்கூல்ல எனக்கு அண்ணன் ஆருமே இல்லீங்களா?"

ராமாமணி விதியைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னாளும்கூட. பெற்றோர் வந்து உறவு சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் பேட்ஜ் என்றாள். "சரிங்க மிஸ்" என்று அந்தப் பிள்ளை திரும்பிப் போனது. அழவில்லை, கோபப்படவில்லை. பஸ் போய்விட்டது என்றால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறவளைப் போல் அவ்வளவு பழக்கமாகப் போனாள். அந்தப் பழக்கம்தான் ராமாமணியைச் சுட்டது. அன்று மதியம் டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்தாள்.

ஒரு கையெழுத்துதானே, கேட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. சாயங்காலம் இரட்டையர்களின் வீட்டுக்குப் போனாள். அவர்களுடைய அம்மா வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மிஸ், ஊட்டுக்குள்ள வாங்க! காப்பி குடிக்கறீங்களா, மோர் குடிக்கறீங்களா?"

காபி வந்தது, முறுக்கு வந்தது. கோபிகா நல்ல பிள்ளை என்று அந்தம்மாவே சொன்னாள். நம்ம யஷ்வந்துக்கு அவள் தங்கச்சி மாதிரி என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா என்று ராமாமணி கேட்டாள்.

அந்தம்மாவின் சிரிப்பு மாறவில்லை. குரலில் இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்ந்தது.

"பழகறதுக்கு என்னங்க மிஸ், தாராளமாப் பழகட்டுமுங்க. நாங்க அதெல்லாம் பாக்கறதே இல்லீங்க. எழுத்துல மட்டும் வேண்டாமுங்க. நாளைக்கு இவங்கப்பாவைப் பங்காளிக ஒரு பேச்சுப் பேசிட்டா? இன்னும் ரெண்டு முறுக்கு எடுத்துக்கோங்க."

அருள்குமாரின் டைல்ஸ் கடையில் முறுக்குக்குப் பதில் இளநீர் கிடைத்தது. பதில் அதேதான். "ஏனுங்க மிஸ், அந்தப் புள்ளைக்கு நோட்டுப் புஸ்தகம் வேணுமா, ஷூ வேணுமா, சொல்லுங்க, நாளைக்கே வாங்கித் தாரேன். தங்கச்சின்னு மட்டும் எப்படீங்க எழுதறது?" ஒன்பது பேருக்கு மூச்சுவிடாமல் தங்கச்சி சொன்ன மனிதர்.

ஊரில் யாரும் அவளை எதிர்த்து ஒரு சொல் பேசவில்லை. போன இடமெல்லாம் நாற்காலி, போன இடமெல்லாம் 'ங்க'. நாலைந்து வீட்டு உபசாரத்தில் ராமாமணிக்கு வயிறு உப்பிவிட்டது, கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை. இத்தனை மரியாதையை ஒரே வாரத்தில் அவள் அதற்கு முன் வாங்கியதில்லை.

பள்ளி கேட்டில் அவளைத் தேடிக்கொண்டு சமீரா வந்தாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறவள். மகன் இல்யாஸ் கோபிகாவின் வகுப்புதான்.

"மிஸ், எங்களுக்கு இந்தக் கூட்டமெல்லாம் கெடயாதுங்க. எங்க பையனுக்கு என்ன கலருங்க? கண்காட்சிக்கு எவனும் சேத்துக்க மாட்டேங்கறான்னு ஊட்ல வந்து உக்காந்துட்டான்."

ராமாமணி கோபிகாவைப் பற்றிச் சொன்னாள். சமீரா யோசிக்கவே இல்லை. "தங்கச்சின்னு எழுதோணும், அவ்வளவுதானுங்களே? எனக்குப் பொட்டப்புள்ள இல்லீங்க மிஸ். எங்கங்க கையெழுத்து?"

கோபிகாவின் அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார். பேனாவைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "இதுல போட்டா புள்ளைக்கு ஏதாச்சும் தொந்தரவு வருமுங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வராது என்று ராமாமணி பொய் சொல்லவில்லை. "வந்தா எனக்கு வருமுங்க" என்றாள். அவர் போட்டார்.

மறுநாள் காலை இல்யாஸுக்கும் கோபிகாவுக்கும் அவளே பேட்ஜ் குத்திவிட்டாள். இரட்டையர்கள் குத்தியிருந்த அதே மஞ்சள் பேட்ஜ்.

முதல் மணி அடித்து அடங்குவதற்குள் போன் வந்தது. பத்தரைக்குப் பொங்கியண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அவர் அன்று ஊரில் இருந்தார். அலுவலகத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"மிஸ்ஸு, அந்த ரெண்டு புள்ளைகளுக்கும் மஞ்சளுங்களா?"

"ஆமாங்க சார். அப்பா அம்மா வந்து கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அது செரி. மஞ்சள் நம்முளுதுங்க."

"நம்முளுதுன்னா ஆருதுங்க?"

பொங்கியண்ணன் வாயைத் திறந்தார். தலைக்கு மேலே அவரே வைத்த கேமரா சிவப்பு விளக்கோடு பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடினார்.

"அதாவதுங்க... உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியலீங்களே சார். சொன்னீங்கன்னா முதல்வர் சர்க்குலர்ல போட்டுருவாரு."

"சர்க்குலர்லயெல்லாம் போடற விஷயமாங்க இது!"

"அப்ப எப்படீங்க நான் புள்ளைககிட்டச் சொல்றது?"

அவர் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார். கோபிகாவைப் பற்றி ஒரு சொல்லும் தவறாகச் சொல்லவில்லை. "நல்ல புள்ளைன்னு கேள்விப்பட்டேனுங்க" என்றார். இல்யாஸைப் பற்றியும் சொல்லவில்லை. "அவங்கம்மா நம்ம ஊட்டுக்குத்தான் ஜாக்கெட் தைக்குது" என்றார். சொல்ல வந்த ஒற்றை வார்த்தையைச் சுற்றிச் சுற்றி வந்து, சொல்லாமலே களைத்துப் போனார்.

"போங்க. யோசிச்சுச் சொல்லறேன்" என்றார் கடைசியில்.

யோசித்து முடிப்பதற்குள் வீட்டிலிருந்தே அவருக்கு அடி விழுந்தது. அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி பதினோராம் வகுப்பில் படித்தாள். அவள் அப்பாவுடைய கூட்டம் வேறு, அதனால் பச்சை பேட்ஜ். அவள் அம்மாவோ மஞ்சள் கூட்டத்தில் பிறந்தவள். ஆகவே வகுப்பிலிருந்த மஞ்சள் பையன்கள் அத்தனை பேருக்கும் அவள் அத்தை மகள் முறை. அதை அவர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். மாடிப்படியில், குழாயடியில், ப்ரேயரில், பத்துப் பதினைந்து தடியன்கள் அவளை "ஏனுங்க அத்தை மகளே" என்று கூப்பிட்டார்கள், அதுவும் மிகுந்த மரியாதையோடு. பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேட்ஜைக் கழற்றித் தாத்தாவின் சாப்பாட்டுத் தட்டிலேயே எறிந்துவிட்டது.

மறுநாள் காலை எல்லா பேட்ஜையும் பிடுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. பக்கெட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள். மாலையில் கடைசிப் பைப் இறங்கியது. இனிமேல் வளாகத்துக்குள் எந்த மாணவரும் எந்த மாணவரோடும் பேசக் கூடாது. ஆணும் பெண்ணும் மட்டுமல்ல, பையனும் பையனும், பெண்ணும் பெண்ணும், அண்ணனும் தங்கையும். ஆசிரியர் கேட்டால் பதில் சொல்லலாம். கேள்வி கேட்க வேண்டுமென்றால் கையைத் தூக்கலாம். இதற்கு 'அமைதி வளாகம்' என்று பெயர் வைத்து, மெயின் ரோட்டில் பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார்கள்.

பெற்றோருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வாட்ஸாப் குழுவில் கும்பிட்ட கைகளாக வந்து குவிந்தன. அடுத்த வருட அட்மிஷனுக்கு இப்போதே சிபாரிசு பிடிக்கத் தொடங்கினார்கள்.

அறிவியல் கண்காட்சி அந்த அமைதியில்தான் நடந்தது. குழுவெல்லாம் கலைக்கப்பட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் மாதிரியோடு தனியாக நின்றது. கோபிகாவும் தனியாக ஒரு சொட்டுநீர்க் குழாயோடு, இரட்டையர்கள் ஆளுக்கொரு சொட்டுநீர்க் குழாயோடு. சிறப்பு விருந்தினர், ஈரோட்டிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி, ஒவ்வொரு மேசையாக நின்று, "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டார். அவர் ஆசிரியரா இல்லையா என்று தெரியாததால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை. கைகட்டி நேராகப் பார்த்தார்கள். ஒரு பொடியன் மட்டும் கையைத் தூக்கிவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டான். அதிகாரி மேடையேறி, தம் நாற்பது வருட அனுபவத்தில் இப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கண்டதில்லை என்று தழுதழுத்தார். பொங்கியண்ணன் அவருக்குச் சென்னிமலை பெட்ஷீட்டைப் பொன்னாடையாகப் போர்த்தினார்.

ராமாமணி கடைசி வரிசையில் நின்று அதைப் பார்த்தாள். தான் இத்தனை வருடம் ஊதி ஊதிக் கேட்டது இந்த மௌனத்தைத்தானே என்று நினைத்தபோது, சாவு விழுந்த வீட்டு வாசலில் நிற்கிறாற்போல் இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் அவளைக் கூப்பிட்டு, இனி டிசிப்ளினுக்கு ஆளே தேவையில்லை, அதுவே நடக்கிறது என்றார்கள். சென்னிமலை ரூட் பஸ்ஸுக்கு இன்சார்ஜாகப் போட்டார்கள். காலையில் பிள்ளைகளோடு வந்து, மாலையில் பிள்ளைகளோடு போக வேண்டும். முதல்வருக்கு அது தண்டனையாகத் தெரிந்தது; அதனால் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னார்.

"வேலையை உட்டுர்றயா?" என்றார் ராமுலு.

"ரெண்டு நாள் போய்ப் பாக்கறேனுங்க."

முதல் நாள் மாலை அவள் ஏறியதும் பஸ் கப்பென்று அடங்கியது. டிரைவர் கேட்டைத் தாண்டி பஸ்ஸை ரோட்டில் ஏற்றினார். பிள்ளைகள் அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தார்கள். ராமாமணி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். விதிகள் எல்லாவற்றிலும் 'வளாகத்துக்குள்' என்றுதான் முதல்வர் எழுதியிருந்தார். பஸ்ஸில் கேமராவும் கிடையாது. அவள் திரும்பிப் பார்க்காமலே சத்தமாகச் சொன்னாள்.

"கேட்டு தாண்டிருச்சுங்க கண்ணுகளா."

பின்னால் ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்தது. அடுத்த நிமிடம் பஸ்ஸே உடைந்துவிட்டது. நாள் முழுக்க அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் ஒன்றாகக் கொட்டியது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்றே பிரித்தறிய முடியவில்லை. சன்னலோர சீட்டுக்காகக் கோபிகாவும் யஷ்வந்தும் சண்டை போட்டார்கள். ரித்திகா கோபிகாவின் பக்கம் சேர்ந்துகொண்டாள். "நேத்தும் நீதானே உக்காந்தே!" என்று யஷ்வந்த் கத்தியது டிரைவர் வரை கேட்டது.

"மிஸ், கொஞ்சம் அடக்கச் சொல்லுங்க. ஹாரன் சத்தமே கேக்க மாட்டேங்குது" என்றார் டிரைவர்.

"எங்க ஊட்டுக்காரருக்குக் காது பாதிதானுங்க கேக்கும்" என்றாள் ராமாமணி. "எனக்கும் அப்படித்தான்னு வெச்சுக்கோங்க."

சன்னல் வழியாகச் சிப்காட் கட்டடங்கள் பின்னால் போயின. சீட்டு யாருக்கு என்பது முடிவாகவில்லை. மூன்று பேரும் இரண்டு சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு, குளுக்கோஸ் குழாயில் ஏன் தண்ணீர் சொட்டாமல் ஒழுகியது என்று மறுபடியும் அடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.